எத்தனையாவது பாகத்தில் கண்டுபிடித்தீர்கள்?

'சுழல்' பார்த்தவர்கள் இருவர் புதுச்சேரியில் சந்தித்துக்கொண்டால் பேச்சு ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறது. "நீ எத்தினியாவது எபிசோடுல கண்டுபுடிச்ச?" நாலாவதில் என்று சொல்கிறவர், ஆறாவதில் என்று சொல்கிறவரைச் சற்று ஏளனமாகப் பார்க்கிறார். கடைசி வரை தெரியவில்லை என்று யாராவது ஒத்துக்கொண்டால் அவருக்குத் துப்பறியும் கதையே பார்க்கத் தெரியாது என்று தீர்ப்பாகிவிடுகிறது.

2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் இந்தத் தொடரின் எட்டுப் பாகங்களும் ஒரே நாளில் வந்தன. எழுதியவர்கள் புஷ்கர் – காயத்ரி. இயக்கியவர்கள் பிரம்மாவும் அனுசரணும். சாம்பலூர் என்றொரு கற்பனை ஊர். சிமெண்ட் ஆலையில் வேலைநிறுத்தம். அன்றிரவே ஆலை தீப்பிடிக்கிறது. அதே இரவில் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற்போகிறாள். ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா தொடங்கியிருக்கிறது. மேதாவித் துப்பறிவாளர் என்று இதில் யாரும் இல்லை. சந்தேகம் ஒரு கட்டத்தில் இன்ஸ்பெக்டர் ரெஜினாவின் மகன் மேலேயே விழுகிறது. சப்-இன்ஸ்பெக்டர் சக்கரை தெரிந்தவர்களையே, தான் சோறு தின்ற வீடுகளையே விசாரிக்கிறார். ராஜேஷ்குமாரின் மாத நாவல்களையும் சுஜாதாவின் கணேஷ் – வசந்தையும் படித்து வளர்ந்தவர்களுக்கு இது புது அமைப்புதான்.

அந்த எபிசோடு கணக்கிலேயே பேச்சு முடிந்துவிடுவதுதான் இவ்விதழின் வருத்தம். இத்தொடரைப் பற்றி மற்ற ஊரார் சொல்ல முடியாத சிலவற்றைச் சொல்லக்கூடியவர்கள் புதுச்சேரிக்காரர்கள்.

முதலில் ஆலை. மில் சங்கு ஊதுவதை வைத்து உலை வைத்த வீடுகள் முதலியார்பேட்டையில் இருந்தன. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு நிர்வாகம் துப்பாக்கிச் சூடு நடத்தியதில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். வ. சுப்பையா வழிநடத்திய அந்தப் போராட்டத்திற்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. ரோடியர் மில் என்று மக்கள் அழைத்த ஏ.எஃப்.டி. ஆலை 2020-இல் மூடப்பட்டது. இப்படிப்பட்ட ஊர்க்காரர், பார்த்திபன் நடித்த சண்முகத்தைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க முடியும். முதல் பாகத்தில் அத்தனை சூடாகத் தொடங்கும் வேலைநிறுத்தம் போகப்போகக் கதையின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. கூலி கேட்ட தொழிலாளி வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்று கடைசி வரை தெரிவதில்லை. தொடரின் உண்மையான குறை இதுதான். கொலையாளியை முன்கூட்டியே ஊகிக்க முடிந்தது என்பதைவிட இது பெரிய குறை. இதைச் சொல்லும் தகுதி மில் குடும்பங்களுக்கு உண்டு. அவர்களிடமிருந்து இந்தப் பேச்சு வரவில்லை.

அடுத்தது திருவிழா. "அந்த சாமி ஆட்டத்தையெல்லாம் வெட்டியிருந்தா ஆறு எபிசோடுல முடிஞ்சிருக்கும்" என்பது பரவலாகக் கேட்கும் கருத்து. செஞ்சியைத் தாண்டினால் மேல்மலையனூர். அமாவாசைதோறும் அங்காளம்மன் ஊஞ்சல் பார்க்க மூட்டை முடிச்சோடு பஸ் ஏறும் ஊர் புதுச்சேரி. பிரம்மனின் தலையைக் கிள்ளியதால் சிவன் கையில் ஒட்டிக்கொண்ட கபாலம், படைத்த சோற்றையெல்லாம் தானே தின்றுவிட, அம்மன் சோற்றைத் தரையில் இறைத்துக் கபாலத்தைக் கீழே இறங்கவைத்து மிதித்தாள் என்கிற கதை இங்குள்ள பாட்டிமார்களுக்குத் தெரியும். மாசி அமாவாசையன்று சுடுகாட்டில் நடக்கும் மயானக் கொள்ளை அதுவேதான். சுண்டல், கொழுக்கட்டை, அப்போதுதான் அறுத்த நெல், கத்தரிக்காய், சில்லறைக் காசு எல்லாம் கூட்டத்தின் தலைமேல் வந்து விழும். காளி வேடம் கட்டியவர் நாக்கை நீட்டிக்கொண்டு ஓடிவருவார். மயானத்துச் சாம்பலை ஒரு சிட்டிகை முந்தானையில் முடிந்துகொண்டு போகிறவர்கள் உண்டு. வீட்டுப் பிள்ளைகளை எதுவும் அண்டாது என்ற நம்பிக்கை.

அந்த முடிச்சைப் பார்த்திருப்பவருக்கு, தொடர் எதற்காக இந்தத் திருவிழாவை எடுத்துக்கொண்டது என்று விளங்கும். பிள்ளையைக் காக்கச் சாம்பல் கட்டிக்கொண்டு திரும்பும் அதே வீட்டுக்குள்தான் ஆபத்து இருக்கிறது. படைத்த சோற்றைப் பக்கத்திலேயே இருந்து தின்றுகொண்டிருந்த கபாலத்தைப் போல அந்த ஆள் குடும்பத்தோடு ஒட்டியிருக்கிறார். திருவிழாக் காட்சிகளை வெட்டினால் மிஞ்சுவது சாதாரணக் கொலைக் கதை. பார்க்காதவர்களுக்காகப் பெயர் இங்கே வேண்டாம்.

தெய்வத்தையும் கொலையையும் சேர்த்துக் கட்டுவது தமிழ்த் தொலைக்காட்சிக்குப் புதிதும் இல்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சன் டிவியில் வந்த 'மர்மதேசம்' – 'விடாது கருப்பு' அதைத்தான் செய்தது. இந்திரா சௌந்தர்ராஜனின் கதை, நாகாவின் இயக்கம். வெள்ளைக் குதிரையில் வரும் கருப்புசாமிதான் தண்டிக்கிறாரா, மனிதர் யாராவதா என்று வாரத்துக்கு ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வரும் வரை பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் மக்கள் பேசினார்கள். சாமி உண்டா, மனநோயா, ஊர் ஏன் மௌனமாக இருக்கிறது என்றெல்லாம் அந்தப் பேச்சு கிளை பிரிந்து போனது. காத்திருந்ததால் யோசிக்க நேரம் இருந்தது. இப்போது இரவு பத்துக்குத் தொடங்கி விடிவதற்குள் எட்டையும் பார்த்து முடிக்கிறார்கள். நினைவில் நிற்பது முடிச்சு மட்டும்.

பார்வையாளரின் அவசரம் ஒரு தொடரையே சாய்த்த கதையும் உண்டு. 1990-இல் அமெரிக்காவில் டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்டும் உருவாக்கிய 'ட்வின் பீக்ஸ்' ஒளிபரப்பானபோது, லாரா பால்மரைக் கொன்றது யார் என்ற ஒரே கேள்விதான் எங்கும். அதற்குப் பதிலே வேண்டாம் என்று நினைத்தவர் லிஞ்ச். தொலைக்காட்சி நிறுவனம் வற்புறுத்தியது. அந்த நவம்பரிலேயே பதில் சொல்லப்பட்டது. பார்ப்பவர்கள் குறைந்து, அடுத்த ஆண்டே தொடர் நிறுத்தப்பட்டது. அந்தப் பெண்ணுக்கும் ஆபத்து வீட்டுக்குள்தான் இருந்தது.

ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கி 2022 டிசம்பரில் வந்த 'வதந்தி'யும் இந்த அவசரத்தில் அடிபட்டது. இழுவை, சொன்னதையே சொல்கிறது என்றார்கள். ஆங்கிலோ-இந்தியப் பெண் வெலோனி இறந்த பிறகு அவளைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அவள் எப்படிப்பட்டவள் என்று ஊர் மறுபடி மறுபடி பேசிக்கொண்டிருப்பதுதான் அந்தத் தொடரின் பொருளே. கவுன் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போகும் கிரியோல் வீட்டுப் பெண்ணைப் பற்றித் திண்ணைகளில் என்ன பேசினார்கள் என்று புதுச்சேரியின் பழைய ஆட்களுக்குத் தெரியாதா?

2024 மார்ச்சில் இந்த ஊரில் ஒரு சிறுமி காணாமற்போனாள். சில நாள் கழித்து வாய்க்காலில் அவள் உடல் கிடைத்தது. கடைகள் அடைக்கப்பட்டன, பள்ளிப் பிள்ளைகள் முதற்கொண்டு ஊரே தெருவுக்கு வந்தது. கைதானவர்கள் அவள் வசித்த வட்டாரத்துக்காரர்கள். போக்சோ சட்டத்தின்கீழ் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவரே குற்றம் சாட்டப்பட்டவர் என்று தேசிய குற்றப் பதிவகத்தின் கணக்கு ஆண்டுதோறும் சொல்கிறது. 2025 பிப்ரவரி 28 அன்று, மாசி அமாவாசையை ஒட்டி, 'சுழல்' இரண்டாவது பருவம் வந்தது. அதற்காக முதல் பருவத்தை இன்னொரு முறை போட்டுப் பார்த்தவர்களில் சிலர், நிலாவின் அறையைக் காட்டும் இடங்களில் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். எத்தனையாவது பாகத்தில் கண்டுபிடித்தோம் என்று அவர்கள் சொல்லவில்லை. தொடரைப் பற்றி இவ்விதழின் காதுக்கு எட்டிய கருத்துகளில் மிகச் சரியானது அந்த நிறுத்தம்தான்.

இரண்டாம் பருவம் காளிபட்டணம் என்ற கடலோர ஊருக்குப் போகிறது. அஷ்டகாளித் திருவிழாவின்போது வழக்கறிஞர் ஒருவர் கொல்லப்பட, எட்டு இளம்பெண்கள் தனித்தனியே 'நான்தான் கொன்றேன்' என்கிறார்கள். திருவிழாவும் குற்றமும் இதில் முதல் பருவத்தைப் போல ஒட்டவில்லை. வேடம் வேடமாகவே நின்றுவிடுகிறது. இதை மறுப்பவர்கள் இருக்கலாம், மறுக்க வேண்டும்.

அடுத்த இதழில் வாசகர் கடிதங்களுக்குக் கூடுதலாக நான்கு பக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன. மில்லில் வேலை பார்த்தவர்கள், மேல்மலையனூருக்குச் சுமை தூக்கிப் போனவர்கள், சிவப்புத் தொப்பி போட்டு ஓய்வுபெற்ற காவலர்கள், பெண் பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் எழுதலாம். தொடரை நிறுத்திவிட்டு எழுந்துபோன இடம் எது என்று எழுதினால் போதும். கையெழுத்துப் பிரதியும் ஏற்கப்படும். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம்.