ஒரு கிலோமீட்டரைத் திரும்பக் கேளுங்கள்

பிரசார வேன் தென்காசி மாவட்டத்து அச்சன்புதூருக்குள் நுழையும்போது ஒலிபெருக்கியில் என்ன வரும் என்பதை வாக்காளர்களே முன்கூட்டிச் சொல்லிவிடலாம். மகளிருக்கு உதவித்தொகை, இளைஞருக்கு வேலை, செண்பகவல்லி அணை சீரமைப்பு, கடைசியாக 'கனிமவளக் கொள்ளையைத் தடுப்போம்'. எதிர்க்கட்சியாக இருப்பவர்கள் அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் உரக்கச் சொல்வார்கள். ஆட்சி கைக்கு வந்ததும் அதே வாய், 'எல்லாம் உரிய நடைச்சீட்டோடுதான் போகிறது' என்று விளக்கம் தரும். யார் ஆண்டாலும் எம்-சாண்டும் ஜல்லியும் குண்டுக்கல்லும் ஏற்றிய டாரஸ் லாரிகள் கேரள எல்லையான புளியரையைத் தாண்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

'கொள்ளை' என்ற சொல் மேடைக்கு வசதியானது. திருடனைப் பிடித்தால் போதும், சட்டம் சரியாகத்தான் இருக்கிறது என்று அது நம்மை நம்பவைத்துவிடுகிறது. சட்டமே வளைந்த கதையை எந்த மேடையும் தொடுவதில்லை.

2021 நவம்பரில் தமிழக அரசு நல்ல உத்தரவு ஒன்றைப் போட்டது. தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம், காப்புக் காடு ஆகியவற்றின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரியோ கிரஷரோ இயங்கக் கூடாது என்றது. ஓராண்டு போயிற்று. 2022 டிசம்பரில், அதே அரசு அந்தப் பட்டியலிலிருந்து காப்புக் காடுகளை மட்டும் எடுத்துவிட்டது. குவாரிகள் முடங்குகின்றன, வருவாய் போகிறது என்று காரணம் சொல்லப்பட்டது. சரணாலயத்துக்கும் புலிகள் காப்பகத்துக்கும் பாதுகாப்பு தொடர்ந்தது உண்மைதான். ஆனால் வடகரைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் இறங்கும் யானைக்கு, எது சரணாலயம், எது வெறும் காப்புக் காடு என்று யார் சொல்லிக்கொடுப்பது?

மலையடிவாரத்து ஊர்களுக்கு இது வெறும் வரைபடக் கோடு அல்ல. மேக்கரையில் நிற்கும் 132 அடி அடவிநயினார் அணைதான் இந்த வட்டாரத்தின் உயிர். அனுமன் நதியும் மேட்டுக்கால், பண்பொழி கால், இலத்தூர் கால், சாம்பவர் வடகரை கால் என்று பிரியும் கால்வாய்களும் 7,600 ஏக்கருக்கு மேல் நனைக்கின்றன. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்றின் சாரல் இருப்பதால்தான் இங்கே கார் நெல் விளைகிறது. அந்தச் சாரலை வாங்கி, சேமித்து, மெல்ல விடுவது மேலே உள்ள காடு. அதன் விளிம்பில் என்ன தொழில் நடக்கலாம் என்பதே இந்த ஊரின் காலநிலைக் கேள்வி.

இதைப் பேசாமல் தப்பிக்க நம் அரசியலுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது: கேரளா. மலையாளிகள் தங்கள் மலையைக் காப்பாற்றிக்கொண்டு நம் மலையை அள்ளுகிறார்கள், குப்பையை நம் தலையில் கொட்டுகிறார்கள் என்றால் கைதட்டல் நிச்சயம். 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர் பகுதியில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவு கொட்டப்பட்டபோது, பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைப்படி கேரள அரசே லாரிகளை அனுப்பி அள்ளிச் சென்றது. சரியான நடவடிக்கை. ஆனால் அந்த வழக்கில் கைதானவர்களில் உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். கல்லை விற்பவரும் நம்மவர், குத்தகை தருவது நம் அரசு, நடைச்சீட்டில் முத்திரை குத்துவது நம் அலுவலகம். வாங்குபவரை மட்டும் திட்டுவதில் ஒரு நியாயமும் இல்லை.

கேரளத்தைப் பற்றிப் பேசுவதானால் இடுக்கியைப் பேசுவோம். மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்கப் பரிந்துரைத்த மாதவ் காட்கில் குழுவின் அறிக்கையை வெளிப்படையாக ஆதரித்தார் அந்தத் தொகுதியின் காங்கிரஸ் எம்.பி. பி.டி.தாமஸ். உயிரோடு இருந்த மனிதருக்குச் சவ ஊர்வலம் நடத்தினார்கள். 2014 தேர்தலில் கட்சி அவருக்குச் சீட்டு மறுத்தது. அறிக்கையை எதிர்த்த இயக்கத்தின் வேட்பாளர் ஜாய்ஸ் ஜார்ஜ் இடதுசாரிகள் ஆதரவோடு வென்றார். ஆறு ஆண்டுகள் கழித்து, அதே மாவட்டத்தின் பெட்டிமுடியில் இரவில் மலை சரிந்து 70 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் நம் கயத்தாறு பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பங்கள். இடுக்கியில் சூழல் தோற்றது, ஆனால் வாதம் நடந்தது. மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் நாம் அந்த வாதத்தையே தொடங்கவில்லை. மத்திய அரசு 2024 ஜூலையில் வெளியிட்ட வரைவில் தமிழகத்தில் 6,914 சதுர கிலோமீட்டர் சூழல் உணர்திறன் பகுதியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதை ஆதரிக்கிறேன் என்றோ எதிர்க்கிறேன் என்றோ இங்கே ஓட்டுக் கேட்க வந்த யாராவது சொல்லி நாம் கேட்டதில்லை.

பேரிடர் வந்தபோதும் இதே மௌனம்தான். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நான்கு மாதத்தில் மக்களவைத் தேர்தல். வெள்ளம் பேசப்பட்டது, நிவாரண நிதியை டெல்லி தந்ததா, சென்னை கேட்டதா என்ற சண்டையாக மட்டும். வாக்குப்பதிவு முடிந்து எந்திரங்கள் பூட்டிக் கிடந்த மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுச் சிறுவனை அடித்துச் சென்றது. அப்போது பிரசாரமும் இல்லை, கேட்டால் பதில் சொல்ல வேட்பாளரும் இல்லை.

குவாரிகளை மூடினால் டிப்பர் ஓட்டுநரும் கிரஷர் தொழிலாளியும் எங்கே போவார்கள் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எல்லாக் குவாரியையும் மூடச் சொல்வதல்ல நம் நிலை. வீடு கட்டக் கல் வேண்டும். காட்டின் விளிம்பிலிருந்து ஒரு கிலோமீட்டர் விலகி வெட்டுங்கள், விதிப்படி வெட்டுங்கள் என்கிறோம். தொழிலாளியின் மீது இவ்வளவு அக்கறை இருந்தால், 2022 மே மாதம் திருநெல்வேலி அருகே அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து நான்கு பேர் இறந்ததற்கு முன்பே அதைக் காட்டியிருக்கலாம்.

மாவட்டம்தோறும் ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் என்று அரசு அமைத்திருக்கிறது. மாவட்ட வன அலுவலரே காலநிலை அலுவலர். ஏற்பாடு நன்று. காட்டோரக் குத்தகைக்கு எதிராக அவர் ஒரு குறிப்பு எழுதினால் அது யார் மேசையில் தூங்கும் என்பதுதான் கேள்வி.

சூழல் ஆர்வலர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்களுக்கு ஓட்டு வங்கி இல்லை என்று கட்சிக்காரர்கள் சிரிக்கக்கூடும். 2021இல் தென்காசித் தொகுதியின் முடிவு 370 வாக்கு வித்தியாசத்தில் அமைந்தது. கால்வாய்ப் பாசனத்தில் ஒரு கடைமடை ஊரின் விவசாயிகள் மட்டும் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடுவார்கள்.

ஊராட்சியாக இருந்தால் கிராம சபையில் தீர்மானம் போடலாம். பேரூராட்சியான அச்சன்புதூருக்கு அந்த வாசலும் இல்லை. எனவே தென்காசி, கடையநல்லூர் தொகுதிகளில் வேன் நிற்கும் இடத்திலேயே கேட்க வேண்டும். கொள்ளையைத் தடுப்பீர்களா என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆம் என்பார்கள். 2022 டிசம்பர் திருத்தத்தை ரத்து செய்து, காப்புக் காட்டுக்கு அந்த ஒரு கிலோமீட்டரைத் திருப்பித்தரச் சட்டமன்றத்தில் பேசுவீர்களா, உங்கள் கட்சி வேண்டாம் என்றாலும் பேசுவீர்களா என்று கேளுங்கள். பதிலை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். தர மறுப்பவர் யாரென்பதையும் ஊர் தெரிந்துகொள்ளட்டும்.