கேள்வித்தாளுக்கு அப்பால்

நம் வாடகை வீட்டுக் கதவைத் தட்டிக் கேள்வித்தாளோடு வருகிறவர், நம் வியாதியையும் சம்பளத்தையும் எழுதிக்கொண்டு போகிறார். ஆய்வின் முடிவைச் சொல்ல அவர் திரும்பி வந்ததுண்டா?

மைசூரில் இவ்வழக்கத்தை மாற்றியவர்கள், நாம் தெருவில் கண்டு முகந்திருப்பிக்கொள்ளும் பாலியல் தொழிலாளர்களே. (இதை எழுதுகையில் நானும் வெட்கப்படுகிறேன்.) 2004-இல் தொடங்கிய எச்.ஐ.வி. தடுப்புப் பணியில் சேர்ந்தவர்கள், 2005-இல் 'ஆஷோதயா சமிதி' என்னும் சொந்த அமைப்பை நிறுவினார்கள். பிற்பாடு தொற்றுக்கு முன்னரே உட்கொள்ளும் தடுப்பு மாத்திரையைக் குறித்த ஆய்வு வந்தபோது, மாத்திரை விழுங்குகிறவர்களாக மட்டும் அவர்கள் நிற்கவில்லை. தங்களுக்குள் கலந்து பேசி, தாங்களே முன்னின்று நடத்தினார்கள். மானிடோபா பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு அவர்களுடைய பெயர்களும் ஆய்வுக் கட்டுரைகளில் ஆசிரியர்களாக அச்சேறின.

அடுத்தமுறை கதவு தட்டப்படுகையில், பதிலளிக்குமுன் நீங்களும் கேளுங்கள்: "முடிவை எங்களுக்கு எப்பொழுது அறிவிப்பீர்கள்?"