வேகம் வேறு, விசுவாசம் வேறு

உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் கல்யாண போட்டோ இப்போது எங்கே இருக்கிறது? பீரோவில் இருக்கும் ஆல்பத்தைக் கேட்கவில்லை. மூலப் படங்கள்?

சிவகாசிப் பக்கம் ஆலங்குளத்தில், அதாவது அரசு சிமென்ட் ஆலையால் பேர் வாங்கிய ஆலங்குளத்தில், ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவரைப் போன மாதம் பார்த்தேன். முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். பழைய ஹார்ட் டிஸ்க்குகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு வருட முகூர்த்தப் படங்களையும் ஒரே எஸ்.எஸ்.டி.யில் ஏற்றி வைத்திருக்கிறார். ஒருநாள் காலை கம்ப்யூட்டருக்கு அதை அடையாளமே தெரியவில்லை. "அசையுற பாகமே கிடையாது, கெட்டே போகாதுன்னு சொல்லித்தானே வித்தாங்க அண்ணாச்சி!" என்றார். மகள் கல்யாணம் முடிந்த அடுத்த மாதமே காலமாகிவிட்ட ஒரு அப்பா, அந்தப் படங்களில் சிரித்துக்கொண்டு இருந்தாராம்.

அந்த 'கெட்டே போகாது'தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

எஸ்.எஸ்.டி. வேகமானது. அதில் சண்டையே இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றவேண்டும். படிக்கும் முனை இடம் தேடிப்போய் நிற்கச் சுமார் 10 மில்லி செகண்ட். எஸ்.எஸ்.டி.யில் சுற்றலும் இல்லை, தேடலும் இல்லை, 0.1 மில்லி செகண்டில் வேலை முடிந்தது. 2008 ஜனவரியில் ஆப்பிளின் மேக்புக் ஏர் வந்தபோது, 80 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் 64 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வேண்டுமென்றால் 999 டாலர் கூடுதல். காசு அதிகம், இடம் கம்மி. வேகத்துக்காக வாங்கினார்கள். நியாயம்தான். ஆனால் வேகத்தை விற்றவர்கள் கூடவே சாகாவரத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்களே, அதுதான் அநியாயம்.

2011-ல் இன்டெல்லின் 320 வரிசையில் ஒரு கூத்து. கரன்ட் திடீரென்று போய் வந்தால், சில டிரைவ்கள் 'என் கொள்ளளவே 8 எம்.பி.தான்' என்று சாதித்தன. இன்டெல் ஒப்புக்கொண்டு ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டது. கரன்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாமல் தமிழ்நாடு தவித்த வருடங்கள் அவை!

அந்தக் கோளாறுகள் பழங்கதை. சுபாவம் மாறவில்லை. எஸ்.எஸ்.டி. தகவலை மின்னேற்றமாகச் சிறை வைக்கிறது. எழுத எழுதச் சிறைச்சுவர் தேயும். தேய்ந்து ஆயுள் முடிந்த வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி., கரன்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தாங்கினால் போதும் என்பதுதான் ஜெடெக் அமைப்பின் தர அளவு. சூடு ஏறினால் அதுவும் குறையும். சித்திரையில் நம்மூர் பீரோவுக்குள் கை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

ஹார்ட் டிஸ்க் பல சமயம் 'டக் டக்' என்று முனகிவிட்டுத்தான் சாகும். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். தவறுதலாக அழித்த படத்தை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பெரும்பாலும் மீட்கலாம். அதன்மேல் வேறு எதுவும் எழுதாமல் இருந்தால் சரி. எஸ்.எஸ்.டி.யிலோ 'ட்ரிம்' என்ற ஏற்பாடு அழித்த இடத்தை உடனுக்குடன் துடைத்துவிடுகிறது. அப்புறம் குலதெய்வம்தான் துணை.

"அப்போ ஹார்ட் டிஸ்க்குதான் ஒசத்திங்கிறீரா?" என்று சண்டைக்கு வராதீர்கள். ஓடும்போது கைதவறிக் கீழே விழுந்தால் அதன் கதையும் முடிந்தது. நான் திட்டுவது பொருளை இல்லை. ஒன்றே போதும் என்று நம்பவைக்கும் வியாபாரத்தை. வேலை செய்ய எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். சேமித்து வைக்க, அதைவிட மலிவாகக் கிடைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்றும் வாங்குங்கள். இன்னொரு பிரதியை மச்சினன் வீட்டில் வையுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை செருகித் திறந்து பாருங்கள்.

இதை ஆலங்குளத்துக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சுற்றியுள்ள பட்டாசு ஆலைகளில் அறைக்கு அறை ஏன் இடைவெளி விட்டுக் கட்டுகிறார்கள்? ஒன்று வெடித்தால் மற்றது பிழைக்கவேண்டும் என்றுதான் சட்டமே அப்படி.

வெடிமருந்துக்குக் காட்டும் ஜாக்கிரதையை ஒரு அப்பாவின் சிரிப்புக்கும் காட்டக்கூடாதா?