மாணவர் தொண்டும் கட்டற்ற மென்பொருளும்

நம் நாட்டு ஊர்களிலே குடிமராமத்து என்றொரு வழக்கம் நெடுங்காலம் நிலவி வந்தது. ஏரிக்கரையை உயர்த்துதல், வாய்க்காலைத் தூர்வாருதல், மதகைச் செப்பஞ் செய்தல் ஆகிய பணிகளை ஊரார் தத்தம் உடலுழைப்பால் செய்து முடிப்பர். அதற்குக் கூலி இல்லை. வயலுக்குப் பாயும் நீரே கூலி. ஏரியை வெட்டுவித்தவன் பெயர் கல்லிலே பொறிக்கப்படும்; தூர்வாரினோர் பெயர் பெரும்பாலும் எக்கல்லிலும் இராது. ஆயினும், வெட்டுவித்தவன் ஒருமுறைதான் வெட்டுவித்தான். அதனை ஏரியாகவே வைத்திருந்தோர் பின்னவரேயாவர். இவ்வுண்மையை மனத்திற் கொண்டு, கட்டற்ற மென்பொருளின்பாற் பற்றுடைய மாணவர் எத்தகைய தொண்டினை மேற்கொள்ளற்பாலர் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கட்டற்ற மென்பொருள் என்பது யாது? ஒரு மென்பொருளை எந்நோக்கத்திற்காயினும் இயக்குதல், அதன் மூலநிரலைக் கற்று வேண்டியவாறு மாற்றுதல், படியெடுத்துப் பிறர்க்கு வழங்குதல், தாம் மாற்றிய வடிவத்தையும் வழங்குதல் என்னும் நான்கு உரிமைகளையும் பயன்படுத்துவோர் யாவர்க்கும் அளிப்பதே கட்டற்ற மென்பொருளாம். அமெரிக்கராகிய ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் குனு என்னும் இயங்குதளத்தை ஆக்கும் தம் கருத்தை உலகிற்கு அறிவித்தார். 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும், 1989-இல் குனு பொது உரிமமும் தோன்றின. 1991-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்திலே பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இருபத்தொரு வயது மாணவர் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரு சொல்லே வழங்குதலின், அவ்வியக்கத்தார் தம் கருத்தை அடிக்கடி விளக்க வேண்டியவராயினர். தமிழிலோ கட்டின்மை வேறு, விலையின்மை வேறு என்பது சொல்லளவிலேயே விளங்கும். இம்மட்டில் நம் மொழி நமக்குப் பேருதவி புரிகின்றது.

நிற்க. கல்லூரிகளிலே கணினிக் கழகம் ஒன்று தோன்றியவுடன் மாணவர் கேட்கும் முதல் வினா, "புதிதாக எதை ஆக்கலாம்?" என்பதே. ஊக்கமுடைய இளைஞர்க்கு அவ்வினா இயல்பே. ஆனால் விளைவு யாது? ஒரு பருவத்திலே புதிய செயலி ஒன்று முளைக்கின்றது, தேர்வு வருகின்றது, ஆக்கினோர் பட்டம் பெற்றுப் பிரிகின்றனர், அதனைப் பேணுவார் இன்றி அஃது உலர்ந்துபோகின்றது. நல்ல தொண்டு புதியதொன்றைத் தொடங்குவதிலன்று, உள்ளதொன்றைக் கெடாமற் காப்பதிலேயே பெரிதும் உளது என்பது எம் கருத்து.

இதற்குச் சான்று வேண்டுமாயின் அண்மைக்கால வரலாற்றையே நோக்குக. இணையத்திற் செல்லும் செய்திகளை மறைகுறியாக்கிக் காக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் நிரலில், 2012-இல் வெளிவந்த பதிப்பிலே ஒரு பிழை புகுந்தது. உலகின் எண்ணற்ற வணிக நிலையங்கள் அந்நிரலை நம்பியிருந்தன; அதனைப் பேணுவதற்கு உழைத்தோரோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. ஆதலின், 'ஹார்ட்பிளீட்' எனப் பெயர்பெற்ற அப்பிழை 2014 ஏப்ரல் வரை வெளிப்படாமலே கிடந்தது. பின்னர் 2024-இல் நிகழ்ந்தது இதனினும் வியப்புடைத்து. எக்ஸ்.இசட். என்னும் சுருக்குநிரலை ஒருவரே பல ஆண்டுகள் ஊதியமின்றிப் பேணி வந்தார். அவர் களைத்திருந்த காலம் பார்த்து, உதவியாளர் போல வந்த ஒருவர் ஈராண்டுக்கு மேல் நம்பிக்கை வளர்த்து, இறுதியில் அந்நிரலுள் கள்ளவாயில் ஒன்றை அமைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் பிராயிண்டு என்னும் பொறியாளர், தொலைக்கணினியுள் நுழைவதற்கு வழக்கத்தினும் அரை நொடியளவு மிகுதியாவதைக் கண்டு ஐயுற்று ஆராய்ந்தமையால் உலகம் பெருந்தீங்கினின்றும் தப்பியது. அவர் புதியதோர் ஏரியை வெட்டினாரல்லர். கரையிலே நீர் கசிவதைக் கண்டார். அத்தகைய கண்ணே இன்று மிகவும் வேண்டப்படுகின்றது.

ஆயின், மாணவர் ஒரு தொண்டினைத் தேர்ந்தெடுத்தற்குரிய அளவைகள் யாவை? நான்கு கூறலாம். முதலாவது, அப்பணியின் பயனை எதிர்நோக்கி இப்பொழுதே யாரேனும் காத்திருத்தல் வேண்டும். இரண்டாவது, ஒருவர் ஒரு பருவத்துள் முடிக்கத்தக்க அளவினதாதல் வேண்டும். மூன்றாவது, செய்ததைச் சரிபார்த்துத் திருத்துவார் ஒருவர் இருத்தல் வேண்டும். நான்காவது, செய்தவர் நீங்கிய பின்னும் பயன் நிலைத்தல் வேண்டும். இந்நான்கினுள் மூன்றாவதையே பலரும் மறக்கின்றனர். திருத்துவாரில்லாத் தொண்டு ஏற்போர்க்குச் சுமையாகவும் முடியும். 2020-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலே 'ஹாக்டோபர்பெஸ்ட்' என்னும் விழாவில், நான்கு திருத்தங்கள் அனுப்புவோர்க்குச் சட்டை பரிசு என அறிவித்தனர். பலர் ஒரு சொல்லை மாற்றியும் ஒரு குறியைச் சேர்த்தும் பயனற்ற திருத்தங்களை மழைபோற் பொழிந்தனர். நிரலைப் பேணுவோர் வெறுப்புற்று முறையிட, அம்மாதத்திலேயே விழாவின் விதியை மாற்றவேண்டியதாயிற்று. பரிசுக்காகத் தூர்வாரப் புகுந்தோர் சேற்றைக் குளத்துள்ளேயே கொட்டிய கதை இது.

இனி, இவ்வளவைகட்குப் பொருந்தும் பணிகள் சிலவற்றை எடுத்துரைப்பாம். இவற்றுட் பல, நிரல் எழுதத் தெரியாதாரும் செய்யத்தக்கன.

முதற்பணி, பழைய நூல்களை மெய்ப்புப் பார்த்தல். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகின் பல நாடுகளிலுள்ள தமிழன்பர் தட்டச்சுச் செய்தும் திருத்தியும் உதவ, தமிழிலக்கியங்களை யாவர்க்கும் விலையின்றிக் கிடைக்கச் செய்தது. இன்று எழுத்துணரி நிரல்கள் அச்சுப்பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்றுகின்றன. 2005-இல் கட்டற்றதாக வெளியான டெசராக்ட் அவற்றுள் ஒன்று. ஆயினும் பழைய அச்சிலே ரகரத்தையும் காலையும் வேறுபிரித்தறிதல் கற்றவர்க்கே சிற்சில இடங்களில் அரிது. பொறிக்கு எவ்வளவு அரிதாம்! விக்கிமூலத்தில் ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கத்தை மற்றொருவர் மீண்டும் சரிபார்க்கும் ஒழுங்கு உளது. ஆதலின் மேற்கூறிய மூன்றாம் அளவை தானே நிறைவேறும். மா, காணி, முந்திரி முதலாய பழைய பின்னக் குறிகட்கும் 2019-இல் வெளிவந்த ஒருங்குறியின் 12-ஆம் பதிப்பில் இடங் கிடைத்துள்ளது. பழைய கணக்குநூல்களை இனிக் குறைவின்றிப் பதிப்பித்தல் கூடும். நம் கல்லூரி மலரின் பழைய இதழ்களையும் மறவற்க. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த எழுத்துகள் நம் நாட்டுச் சட்டப்படி பொதுவுடைமையாம். பழைய மாணவர் தம் வீட்டுப் பெட்டிகளிலே வைத்திருக்கும் இதழ்களை நூலகத்திற்கு ஈவாராயின், இப்பணி இவ்வாண்டே தொடங்கலாம்.

இரண்டாவது, சொற்பிழை திருத்தியைச் செம்மை செய்தல். லிப்ரே ஆபிஸ், பயர்பாக்ஸ் முதலியவற்றில் இயங்கும் ஹன்ஸ்பெல் என்னும் நிரல், லாஸ்லோ நெமெத் என்பவரால் ஹங்கேரிய மொழியின் பொருட்டு ஆக்கப்பட்டது. அம்மொழியும் நம் மொழிபோல் விகுதிமேல் விகுதி ஏற்பது. ஆதலின் வேர்ச்சொற் பட்டியலும் விகுதி விதிகளும் தருவோமாயின் அந்நிரல் நமக்கும் பணிபுரியும். எனினும் தமிழுக்கு ஒரு தனிச்சிக்கல் உளது. திருத்தி ஒவ்வொரு சொல்லையும் தனித்தே நோக்கும். நம் புணர்ச்சியோ அடுத்த சொல்லைப் பொறுத்தது. 'அந்த', 'அந்தப்', 'அந்தச்' எனப் பல வடிவும் வெவ்வேறிடத்துப் பிழையற்றனவே; அவற்றை எங்ஙனம் பட்டியலிடுவது? இவ்வினாவிற்கு விடை கூறக் கணினி மாணவரால் மட்டும் இயலாது. தமிழ் மாணவரால் மட்டும் இயலாது. இருவரும் ஒரே மேசையில் அமர்தல் வேண்டும். வகுப்பறையில் வறண்டதாகத் தோன்றும் நன்னூற் புணரியல் அம்மேசையில் உயிர்பெறும்.

மூன்றாவது, கண்பார்வையற்றோர்க்கு உதவுதல். திரையிலுள்ளதைப் படித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்னும் கட்டற்ற நிரலை 2006-இல் தொடங்கியவர்கள், மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்னும் ஆஸ்திரேலியர் இருவர், இருவரும் பார்வையற்றவர். இஸ்பீக் என்.ஜி. என்னும் ஒலிப்பு நிரலின் வாயிலாக அது தமிழையும் படிக்கின்றது. ஆனால் தமிழில் ககரம் முதலிய வல்லெழுத்துகள் இடத்திற்கேற்ப ஒலி வேறுபடுவன. கடன்சொற்களிலோ விதி முற்றும் தவறும். பாவம் என்னும் ஒரே எழுத்துக்கோவை தீவினையையும் குறிக்கும், நடனத்தில் முகத்தே தோன்றும் மெய்ப்பாட்டையும் குறிக்கும், ஒலிப்போ வேறு. பார்வையற்ற மாணவரோடு அமர்ந்து, நிரல் எச்சொல்லைத் தவறாக ஒலிக்கின்றது என்று குறித்துப் பட்டியலாக்கி அனுப்புதல் சிறந்த தொண்டு. அவரைத் தொண்டு பெறுவோராக மட்டும் கருதற்க. பிழையை முதலிற் கேட்டறிபவர் அவரேயாகலின், அப்பணியின் தலைவரும் அவரே.

நான்காவது, குரற்கொடை. மோசில்லா நிறுவனம் 2017-இல் தொடங்கிய காமன் வாய்ஸ் என்னும் திட்டம், பலமொழிக் குரல்களைத் திரட்டி யாவர்க்கும் பொதுவாக்குகின்றது. தமிழும் அதில் உளது. ஒருவர் படித்த வாக்கியத்தைப் பிறர் கேட்டு ஒப்புதல் அளிப்பர். நெல்லையும் கொங்கும் ஈழமும் ஒரே தமிழை வெவ்வேறு இசையோடு பேசுகின்றன. பட்டணத்துப் பேச்சு மட்டுமே அத்திரட்டில் நிறையுமாயின், நாளைய பொறிகள் நாட்டுப்புறத்துப் பாட்டியின் சொல்லை அறியமாட்டா.

ஐந்தாவது, நிலப்படம். 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் யாவரும் வரையத்தக்க உலகப்படமாகும். 2010 சனவரியில் ஹெயிட்டி நாட்டைப் பெருநிலநடுக்கம் தாக்கியபோது, பல நாட்டுத் தன்னார்வலர் வானிலிருந்தெடுத்த படங்களைக் கொண்டு சில நாட்களிலேயே தெருக்களை வரைந்தனர். மீட்புப் பணியாளர் அப்படங்களைப் பயன்படுத்தினர். நம் ஊர்த் தெரு, கிணறு, மருத்துவ நிலையம் ஆகியவற்றைத் தமிழ்ப் பெயரோடு குறித்துவைத்தல் வெள்ளம் வருமுன் செய்யத்தக்க பணியன்றோ?

இவற்றிற்கு எதிராகக் கூறப்படுவன இரண்டு. 'மாணவர் ஊதியமின்றி உழைக்க, செல்வம் மிக்க நிறுவனங்கள் அவ்வுழைப்பின் பயனைக் கொள்கின்றனவே, இது முறையா?' என்பது ஒன்று. இவ்வினா நேர்மையானதே, எளிதிற் புறக்கணித்தற்குரியதன்று. கொள்வோர் கொள்க, ஆனால் தம் திருத்தத்தோடு பிறர்க்கு வழங்குவாராயின் மூலநிரலையும் வழங்குக என்று குனு பொது உரிமம் கட்டளையிடுகின்றது. இத்தகைய காப்புடைய பணிகட்கு முதலிடம் தருக. மேலும், தொண்டு என்னும் பெயரால் மதிப்பெண்ணுக்காக மாணவரை வற்புறுத்தல் ஆகாது. ஊரார் வழக்கமாயிருந்த குடிமராமத்து 1858-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது. மறுத்தவன் பொருள் செலுத்தவேண்டியவனாயினான். அச்சத்தாற் செய்வது வேலையாகலாம், தொண்டாகாது.

'இன்று செயற்கை நுண்ணறிவே மொழிபெயர்க்கின்றது, நிரலும் எழுதுகின்றது, மனிதர் எதற்கு?' என்பது மற்றொன்று. அப்பொறி கற்றதெல்லாம் மனிதர் முன்னரே எழுதிவைத்தவற்றிலிருந்தன்றோ? திருத்தமான தமிழ் எழுத்து இணையத்திலே குறைந்திருப்பின் பொறியின் தமிழும் குறையுடையதாகவே இருக்கும். அன்றியும், பொறி எழுதியதைச் சரிபாராமல் அப்படியே அனுப்புவோரால் புதிய தொல்லை விளைந்துள்ளது. கர்ல் என்னும் நிரலைப் பேணும் டேனியல் ஸ்டென்பர்க், பொறியால் ஆக்கப்பட்ட பொய்ப்பிழை அறிக்கைகள் தம் காலத்தை வீணாக்குகின்றன என்று 2024 முதல் வெளிப்படையாக முறையிட்டு வருகின்றார். பொறியைப் பயன்படுத்தலாகாது என்பது எம் கருத்தன்று. தான் விளங்கிக்கொள்ளாத ஒன்றைத் தன் கொடை என்று பிறர் வாயிலில் வைத்தல் ஆகாது என்பதே.

ஆகவே நம் கல்லூரியார்க்கு எம் வேண்டுகோள் இதுவாம். ஆண்டொன்றுக்கு ஒரே பணியை எடுத்துக்கொள்க. வாரத்திற்கு ஒரு மணிநேரம் நூலகத்தில் அதற்கென ஒதுக்குக. ஆசிரியர் ஒருவரும், இத்துறையிற் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவரும் சரிபார்ப்போராய் இருப்பாராக. முடிந்த பக்கங்கள் எத்தனை, திருத்திய சொற்கள் எத்தனை, முடியாது நின்றவை எவை என்னும் கணக்கை, ஆண்டுதோறும் இம்மலரிலே வெளியிடுக. பட்டம் பெற்றுப் பிரியும் மாணவர் ஒவ்வொருவரும் தம் இடத்தில் ஓர் இளையாரை அமர்த்திவிட்டே செல்க. அங்ஙனம் செய்யின் நம் பங்குக் கரை உடையாது. அதன் நீர், நாம் அறியாத வயல்கட்கும் பாயும்.