மழைக்கு இடம் தருவோம்

மழை பொய்த்தால் திடலில் திரண்டு மழைத்தொழுகை நடத்துகின்றோம். இரு கரமேந்தி இறைஞ்சிய அம்மழை இறைவன் அருளால் பொழிந்துவிட்டாலோ, அதனைத் தங்கவைக்க இடமின்றித் தவிக்கின்றோம். வேண்டுவதில் காட்டும் முனைப்பை ஏற்பதிலும் காட்ட வேண்டாவா?

கேசாவரம் அணைக்கட்டில் கொசத்தலையாற்றினின்று பிரியும் கூவம், மணவாள நகரின் அருகே ஓடிச் சென்னையை அடைகின்றது. இவ்வட்டாரத்தில் வயல்கள் சுருங்க, ஆலைகளும் மனைப்பிரிவுகளும் பெருகுகின்றன. மண்தரை மழையில் ஒரு பகுதியை உறிஞ்சும். கூரையும் தார்ச்சாலையும் ஏறத்தாழ முழுவதையும் வழியவிடும்.

இதற்குத் தீர்வு, நகர்களுக்குள் செயற்கை ஏரிகளை அமைப்பதே. கணக்கு எளியது. 10 ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சேரும் நீர் ஏறத்தாழ 40 லட்சம் லிட்டர். ஓர் ஏக்கர் ஏரியில் 1 மீட்டர் ஆழத்திற்கு இடம் இருப்பின் அவ்வளவும் அதனுள் அடங்கும்.

ஈண்டு 'இடம் இருப்பின்' என்பதே உயிர்ச்சொல். நிரம்பிய ஏரி வெள்ளத்தைத் தடுக்காது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டதும், அடையாற்றங்கரை மூழ்கியதும் நாம் மறக்கவியலாதவை. ஆகவே பருவமழைக்கு முன் தூர்வாரி, நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைத்தல் வேண்டும். வரத்துக்கால்வாயும் கலங்கலும் அடைபடாதிருத்தல் வேண்டும். ஆலைப் பகுதியின் எண்ணெயும் சேறும் தங்க, முகப்பில் வண்டல் தொட்டியும் வேண்டும்.

'நிலத்தின் விலை வானளாவுகையில் ஏரிக்கு நிலம் விடுவது இழப்பன்றோ?' என வினவுவர். 1920களில் மாம்பலம் ஏரியை வற்றச் செய்து தியாகராய நகரை எழுப்பினர். இன்றும் பெருமழைக் காலத்தில் அந்நகர்த் தெருக்களில் நீர் தேங்குகின்றது. நூறாண்டு கழித்து, 2024இல், கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலில் அரசு மீட்ட நிலத்தில் மழைநீரைத் தாங்கக் குளங்கள் வெட்டப்பட்டன. தூர்த்தவர் ஒரு தலைமுறையினர். தோண்டுபவர் மற்றொரு தலைமுறையினர். எது இழப்பென்று சான்றோர் தேர்க!

எனவே புதிய மனைப்பிரிவோ தொழிற்பேட்டையோ எழுமுன், மழைநீருக்குரிய பங்கை முதலில் ஒதுக்குவதைச் சட்டமாக்குதல் நன்று. பள்ளிவாசல் ஹவுளில் உளூச் செய்யும் நீரையும் வீணாக்கலாகாது என்னும் நெறியில் வளர்ந்தவர் நாம். நீர்நிலை அமைத்தல், அமைத்தவர் மறைந்த பின்னும் நன்மை தொடரும் ஸதக்கத்துல் ஜாரியா அன்றோ? ஜமாஅத்துப் பெரியோர் வழிகாட்டுக! மாணவச் செல்வங்கள் மண்வெட்டியுடன் முன்வருக! அடுத்த மழைத்தொழுகைக்கு முன், மழைக்கு இடம் தருவோம்.