மூலையில் இருக்கும் கண்ணை அழிக்காதீர்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு வரும் முதல் ஆசைகளில் ஒன்று, வீட்டிலுள்ள பழைய வீடியோ கேசட்டுகளை அதில் ஏற்றி வைப்பது. நல்ல ஆசைதான். ஆனால் படத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று, மூலையில் தெரியும் டிவி சானலின் லோகோவையும் சிலர் நீக்கி விடுகிறார்கள். அது கூடாது என்பது என் கட்சி.

என் தாத்தா 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியில் நிலக்கடலை சாகுபடி பற்றி மூன்று நிமிடம் பேசியிருக்கிறார். அவர் குரல் எங்களிடம் இருப்பது அந்தக் கேசட்டில் மட்டும்தான். மேலே தேதி எழுதவில்லை. 1999-இல் நடந்த அத்தை கல்யாணத்துக்கு முன்பு என்கிறார் பாட்டி. பின்பு என்கிறார் அப்பா. மாற்றித் தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தேன். வந்த பைலில் வலது மூலை மட்டும் தண்ணீர் பட்டது போல் கலங்கியிருந்தது. "லோகோ இருந்தா அசிங்கமா இருக்கும் சார், ப்ரீயாவே எடுத்துட்டேன்" என்றார் கடைக்காரர். லோகோவை நீக்கும் சாப்ட்வேர், அந்த இடத்தைச் சுற்றியுள்ள நிறங்களை எடுத்துப் பூசி மறைக்கிறது, அவ்வளவுதான். அந்த பைலில் லோகோவை இனி மீட்க முடியாது.

அங்கே என்ன இருந்திருக்கும்? சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. தூர்தர்ஷனின் கண் சின்னத்தை வரைந்தவர், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவராக இருந்த தேபாஷிஷ் பட்டாச்சார்யா. வளைவுகள் சுழன்று வந்து கண்ணாகச் சேரும் காட்சியும் ரவிசங்கரின் இசையும் 1976-இல் வந்தன. கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாத காலம். படத்தின் நகல்களைத் திருப்பித் திருப்பி வைத்து கேமராவில் எடுத்தார்கள். 1993-இல் வந்த தமிழ் செயற்கைக்கோள் சானலுக்கு டிடி 5 என்று பெயர். 2000-இல் அது பொதிகை ஆனது. 2024 ஜனவரியில் டிடி தமிழ். (பொதிகையை விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. மலையின் பெயர் போய், போல்டருக்கு வைத்தது போல ஒரு பெயர் வந்திருக்கிறது.) 2017-இல் புதிய சின்னத்துக்குப் போட்டிகூட வைத்தார்கள், ஆனாலும் கண் போகவில்லை.

பெயர் மாறிக் கொண்டே வந்ததால்தான் அது நமக்குத் தேதி முத்திரையாகிறது. நல்ல வேளையாகக் கேசட் கையில் இருந்தது. நண்பனிடம் ஒரு வீடியோ கேப்சர் கருவி வாங்கி நானே மறுபடி ஏற்றினேன். மூலையில் கண்ணும், அருகே பொதிகை என்ற பெயரும் தெளிவாகத் தெரிந்தன. ஆக, 2000-க்கு முன்பு அல்ல.

அந்தக் கண் இன்னொன்றுக்கும் உதவியது. தாத்தா ஏனோ குண்டாகத் தெரிந்தார். கண்ணின் நடுவிலுள்ள வட்டம் முட்டை போல் இருந்ததைப் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது. பழைய டிவி படத்தின் அகல உயர விகிதம் 4:3. அதை 16:9 திரை முழுக்க இழுத்து விட்டிருந்தேன். விஎல்சி பிளேயரில் 'ஏ' கீயை அழுத்திக் கொண்டே வாருங்கள், விகிதம் மாறிக் கொண்டே வரும். வட்டம் வட்டமாகும்போது நிறுத்துங்கள். தாத்தாவும் பழையபடி ஒல்லியாகி விட்டார்.

சுத்தம் செய்த பிரதி வேண்டுமென்றால் தனியாக வைத்துக் கொள்ளுங்கள். முதலில் ஏற்றிய பைலைத் தொடாதீர்கள்.

பைலுக்கு 'தாத்தா - பொதிகை - 2000-க்குப் பின்' என்று பெயர் வைத்துப் பாட்டியிடம் காட்டினேன். "அது மறு ஒளிபரப்பா இருக்கும்டா" என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. லோகோ சொல்வது ஒளிபரப்பான காலத்தைத்தானே, படம் எடுத்த காலத்தை அல்லவே!