தொகையை மறைத்தால் திருடனா?

மொனேரோ என்ற இணைய நாணயத்தில் யார் எவ்வளவு அனுப்பினார் என்பது வெளியே தெரியாது. இதைச் சொன்னதுமே என் காலை நடை நண்பர், "தொகையையே மறைக்கிறான்னா கள்ளக் கணக்குதானே சார்?" என்றார். (தன் பென்ஷன் எவ்வளவு என்று அவர் இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை. அது இருக்கட்டும்.) கள்ளக் கணக்கு இல்லை என்று அடித்துச் சொல்கிறேன்.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு 'ப்ரேவ் பார் நெஃப்' சொல்லித் தந்தார்கள். ஒவ்வொரு எண்ணையும் ஒன்பதால் வகுத்து, மிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய கூட்டல் சரியா என்று பார்ப்பது. மொனேரோவும் ஏறத்தாழ இப்படித்தான். 2017 ஜனவரி முதல் தொகைக்குப் பதில் பூட்டிய எண் ஒன்றைப் பதிகிறார்கள். வரவும் செலவும் நேராகிறதா என்று பூட்டைத் திறக்காமலே எவரும் சரிபார்க்கலாம்.

ஒன்பது சோதனையில் சரியாக ஒன்பது தப்பினால் பிடிபடாது, ஞாபகம் இருக்கும். இங்கும் ஓர் ஓட்டை உண்டு. என்னிடம் 10 இருக்கிறது. ஒரு கணக்குக்கு 15, இன்னொன்றுக்கு மைனஸ் 5 என்று எழுதினால் கூட்டல் நேராகிவிடும். மைனஸைத் தூக்கிப் போட்டுவிட்டு 15-ஐச் செலவழிக்கலாம். இதை அடைப்பதுதான் ரேஞ்ச் ப்ரூஃப். உள்ளே இருப்பது பூஜ்யத்துக்குக் கீழே இல்லை, உச்சவரம்புக்கு மேலும் இல்லை என்று தொகையைச் சொல்லாமலே நிரூபிக்கிறார்கள். முதலில் இந்தச் சான்றே மூட்டை மூட்டையாக இடம் பிடித்தது. 2018 அக்டோபரில் 'புல்லட்ப்ரூஃப்ஸ்' முறை வந்து, பரிமாற்றத்தின் அளவு சுமார் 80 சதவீதம் குறைந்தது.

தொகை திறந்திருந்தால் மட்டும் பத்திரமா? பிட்காயினில் எல்லாம் வெட்டவெளிச்சம். அங்கேயே 2010 ஆகஸ்டில் வரம்பைச் சரியாகச் சோதிக்காததால் ஒரே பரிமாற்றத்தில் 18,400 கோடிக்கு மேல் காசு முளைத்தது. கண்ணுக்குத் தெரிந்ததால் சில மணி நேரத்தில் பிடித்துவிட்டார்கள் என்பது நண்பர் பக்கத்து நியாயம், ஒப்புக்கொள்கிறேன். மறைத்த கணக்கில் சான்றே ஓட்டையானால் எண்ணிப் பார்க்க வழியில்லை. ஜீகேஷ் நாணயத்தில் 2018-ல் அப்படியொரு ஓட்டையைக் கண்டு, சத்தமில்லாமல் அடைத்து, 2019-ல்தான் வெளியே சொன்னார்கள். பயப்பட வேண்டியதுதான். அதற்காக மறைக்கிறவனெல்லாம் திருடனா?

நான் குமாஸ்தாவாக இருந்தபோது, உதவித்தொகை கேட்டு வந்தவரின் வருமானம் வரம்புக்குள் இருக்கிறதா என்பது மட்டும்தான் எனக்குத் தேவை. ஆனாலும் சம்பளச் சீட்டையே கேட்டு வாங்கினேன். சாயங்காலத்துக்குள் செக்‌ஷன் முழுக்கத் தொகை தெரிந்துவிடும். ஓர் அம்மாள் சீட்டை முந்தானைக்குள் வைத்து, பக்கத்தில் நின்றவர் பார்க்காதபடி என்னிடம் நீட்டினார். நான் அதைச் சத்தமாக வாசித்தேன்.